புதுப்பிப்பு: அடியில் படுத்துக் கிடந்த தங்கமீன்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். மீன்கள் தொட்டியின் அடியில் படுத்தே கிடக்கின்றன, வால் செட்டையில் சிவப்புக் கோடுகள் என்று. பாதிப்பேர் அன்டிபயோட்டிக் போடச் சொன்னீர்கள். போடவில்லை.

தண்ணீரைச் சோதித்ததில் அமோனியா லீட்டருக்கு 1 மில்லிகிராம், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8. நம்மூர் வெக்கையில் இது மோசம். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது, சூடு அதை இன்னும் கூட்டும். காரணமும் பிடிபட்டது: மச்சான் உதவி செய்கிறேன் என்று ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவியிருக்கிறார். பஞ்சில் வாழ்ந்து, மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பக்டீரியாவைக் குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

சாப்பாட்டை நிறுத்தினேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், குளோரின் நீக்கியது. தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல் இரவும் பகலும். பிறகு நைட்ரைட் (பக்டீரியா அமோனியாவைச் சிதைக்கும்போது வரும் அடுத்த நச்சு) ஏறத் தொடங்கியதும் லீட்டருக்கு 1 கிராம் உப்பு; உப்பிலுள்ள குளோரைட், நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும்.

ஒன்று செத்துப் போனது, அது முதலே மெலிந்திருந்தது. மற்றவை நீந்துகின்றன, சிவப்பு மங்கிவிட்டது. செட்டை ஓரத்தில் இப்போது கருமை தெரிகிறது. அது புதிய நோய் இல்லை, அமோனியாப் புண் ஆறும்போது வருவது. சரி, இனி பஞ்சு என் பொறுப்பு என்று மச்சானிடம் சொல்லியாயிற்று.