தீபாவளி நெரிசல்ல வந்து நின்ன அக்கா: நான் என்ன சொல்லியிருக்கணும்?

கேள்வி – ஊசிக்காரி (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க வாசிக்கிறதோட சரி, இதுவரை எழுதினதில்ல. நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

பாளையங்கோட்டையில பதினேழு வருஷமா தையல் கடை வெச்சிருக்கேன். ஊசிக்கோபுரத்து மணி கேக்குற தூரம். (அது எங்க சபை இல்ல, ஆனா எங்க வீட்டுக்காரர் "ஊசிக்காரிக்கு ஏத்த கோயில்"னு கேலி பண்ணுவார்.) ரெண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், காஜாவும் கொக்கியும் வைக்க ஒரு பொண்ணு. வர்றவங்கள்ல முக்கால்வாசி இந்துக்கள், கொஞ்சம் மேலப்பாளையத்து முஸ்லிம் அக்காமார். வேதக்காரங்க வர்றது கிறிஸ்மஸுக்குத்தான்.

எங்க சபையில அக்டோபர் முதல் ஞாயிறு ஒரு அட்டை குடுத்தாங்க. அதுல அஞ்சு கோடு. அஞ்சு பேர் பேரை எழுதி, ஜெபிச்சு, மாசக் கடைசிக்குள்ள சுவிசேஷம் சொல்லி, சொன்ன தேதியையும் பக்கத்துல போடணும். நான் எதிர்வீட்டு மைனி, பால்காரத் தம்பி, பேங்க் மேடம்னு அஞ்சு கோட்டையும் நிரப்பி, மிஷினுக்கு மேல இருக்கிற காலண்டர்ல சொருகி வெச்சேன். தேதி எதுவும் போடல. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் ஒரு தையல்காரி எப்படி இருப்பான்னு இன்னொரு தையல்காரிக்குத்தான் தெரியும். சாப்பாட்டுத் தட்டுல நூல் கிடக்கும். போனை எடுத்தா "ரெடியா?"ன்னு ஒரே கேள்விதான்.

அப்படி ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்து ஓரமா நின்னாவ. மத்தவங்க எல்லாம் போறவரைக்கும் நின்னாவ. நான் ரேட் குறைக்கச் சொல்லத்தான் நிக்காவன்னு நினைச்சேன்.

"யம்மா, ஒரு நிமிஷம் உள்ள வரட்டா?"

நான் தலையத் தூக்கல. "தீபாவளி கழிச்சு வாங்கக்கா, புதுசு எடுக்கல."

"புதுசு இல்லம்மா. பழசுதான், கொஞ்சம்..."

"ஆல்டரேஷனும் எடுக்கலக்கா."

"சரிம்மா, நீ வேலையப் பாரு."

அவங்க போனப்புறம் கொக்கி வைக்கிற பொண்ணு மெதுவாச் சொன்னா: "யக்கா, அவியளுக்கு ஒரு பக்கம் மாரு இல்லக்கா. சேலைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டு நின்னாவ, நீங்க பாக்கல."

அப்பத்தான் நிமிந்தேன். கண்ணுல முதல்ல பட்டது அந்த அட்டை.

கழுத்துல டேப்போட, செருப்பு போடாம ஓடினேன். தெருமுக்குல பிடிச்சேன். கூட்டிட்டு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, ஸ்டூல்ல உக்கார வெச்சேன். எட்டு மாசம் முன்னால ஆபரேஷன், இடது பக்கம். அன்னையிலேர்ந்து ஒரு விசேஷத்துக்கும் போகல. ஜாக்கெட்டுக்குள்ள கைக்குட்டைய மடிச்சு வெச்சுப் பாத்திருக்காவ, அது தோள் வரைக்கும் ஏறிருதாம். ஐப்பசியில தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், பெரியம்மா போகாம இருக்க முடியாது. இதைச் சொல்ல அவங்க ஏறி இறங்கின மூணாவது கடை என்னோடது.

உள்பக்கம் ஒரு பை மாதிரி வெச்சு, பஞ்சு அடைச்சு, லைனிங் போட்டுத் தச்சேன். போட்டுப் பாக்க வந்த அன்னைக்குக் கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாவ. கிளம்பும்போது, "நீ வேதக்காரிதானம்மா? உங்க சாமிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லு"ன்னு கேட்டாவ.

எனக்கு வாய் காஞ்சு போச்சு. "சொல்றேங்க்கா"ன்னேன். அவ்வளவுதான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துல இதைச் சொன்னேன். "திறந்த வாசலை விட்டுட்டியே, கைப்பிரதி குடுத்து சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கணும்"னு ஒரு அக்கா. "முதல்ல அட்டையில அவங்க பேரை எழுது"ன்னு இன்னொருத்தர். பேனாவை எடுத்தேன், எழுத முடியல. உடம்புல ஒரு பாகம் போன மனுஷிய என் கணக்குல சேக்கிற மாதிரி இருந்துச்சு. அது பயமா, வெக்கமா, நியாயமான கூச்சமா, எனக்கே தெரியல.

வர்ற சனிக்கிழமை ரெண்டாவது ஜாக்கெட்டுக்கு வர்றாவ. நான் என்ன பேசட்டும்? காசு வாங்கலாமா? இன்னொண்ணு, துவைச்சா பஞ்சு கட்டி தட்டுதாம். அதுக்கு யாருக்காவது வழி தெரியுமா?

பதில் 1 – ஓய்வுபெற்ற வாத்தியார் (களக்காடு)

மகளே, உன் கடையில் நடந்தது மாற்கு ஐந்தாம் அதிகாரம். ஆண்டவர் யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகிறார், பிள்ளை சாகக் கிடக்கிறது. வழியில் பன்னிரண்டு வருஷப் பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிற்காத, ஒரு ஸ்திரீ பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் குணமானதோடு நடையைக் கட்டியிருக்கலாம். அவர் நிற்கிறார். "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்" என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வருஷத்து உண்மையைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதுவரை அந்தத் தகப்பன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பான். ஜாக்கெட்டுக்குக் காத்திருந்த உன் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் யவீருதான். (தீபாவளி ஜாக்கெட்டை உயிரோடு ஒப்பிடலாமா என்று கேட்காதே. பெண்சாதி கேட்டால் ஒப்பிடலாம் என்பாள்.)

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. டோனாவூர் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா இந்தியா வந்தது 1895இல். ஊர் ஊராக மாட்டுவண்டியில் போய், வீட்டுத் திண்ணைகளில் பெண்களிடம் வசனம் சொல்வதுதான் அவர்கள் வந்த வேலை. 1901 மார்ச்சில் கோயிலுக்கு விடப்பட்டிருந்த பிரீனா என்ற ஏழு வயதுப் பிள்ளை தப்பி வந்து அவர்களிடம் சேர்ந்தது. பின்னாலேயே இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். பாலுக்கு அழுகிற குழந்தைகளை வைத்துக்கொண்டு யார் வண்டி கட்ட முடியும்? ஊர் சுற்றும் ஊழியம் நின்றுபோனது. பிரசங்கத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்ப்பதாகக் குறை சொன்னவர்களும் உண்டு. அம்மா 1951இல் இறக்கும் வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்லறையில் பெயர் பொறித்த பெரிய கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது.

அட்டையை நான் தப்புச் சொல்ல மாட்டேன். நாங்களும் கைப்பிடி அரிசி எடுத்து மிஷனரிகளை அனுப்பின ஊர்க்காரர்கள், திட்டம் போட்டுச் செய்வதன் அருமை தெரியும். ஆனால் உன் அஞ்சு கோட்டில் இல்லாத ஆள்தான் உன் கடைக்குள் வந்தது.

பதில் 2 – எலிசா_தூத்துக்குடி

சிஸ்டர், எல்லாரும் உங்களுக்கு ஆறுதலாத்தான் சொல்வாங்க, நான் மாத்திச் சொல்றேன். "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" (ரோமர் 10:14). தைச்சுக் குடுத்தா அது நல்ல தையல், நல்ல தையல்காரங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க. அவங்க வாயைத் திறந்து கேட்டிருக்காங்க. கேட்ட பிறகும் இயேசுன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கிறதுக்குக் கூச்சம்னு பேர் வைக்காதீங்க. சனிக்கிழமை சொல்லுங்க.

பதில் 3 – நெல்லை_கணேஷ்

அக்கா, நான் கிறிஸ்தவன் இல்லை. தலைப்புல தீபாவளின்னு இருந்ததால உள்ள வந்தேன். எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லலாமா?

என் அம்மா ஆஸ்பத்திரியில இருபது நாள் படுத்திருந்தாங்க. ஒருநாள் ஒருத்தர் வந்தார். பேர் கேக்கல, என்ன நோய்னு கேக்கல. கைப்பிரதியத் தலையணை மேல வெச்சு, "விசுவாசிச்சா சுகம் கிடைக்கும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். அம்மா அன்னைக்கு ராத்திரி என்கிட்ட கேட்டாங்க: "அப்ப எனக்குச் சுகமாகலன்னா அது என் குத்தமாடா?" அந்தக் கேள்விக்கு இன்னைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அதே வார்டுல வீட்டுக்காரருக்குத் துணையா ஒரு கிறிஸ்தவ அம்மா இருந்தாங்க. காலையில வெந்நீர் பிடிக்கப் போகும்போது எங்க பிளாஸ்க்கையும் எடுத்துட்டுப் போவாங்க. நாலஞ்சு நாள் கழிச்சு அம்மாவே கேட்டாங்க, "ராத்திரி ஏதோ முணுமுணுக்கிறீங்களே, என்னது?"ன்னு. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு தொடங்குறதை முழுசாச் சொல்லிக் காட்டினாங்க, தன் மகன் இறந்தப்ப அதைப் பிடிச்சுக்கிட்டதையும் சொன்னாங்க. அம்மா மதம் மாறல. இப்பவும் வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயில்தான். ஆனா பயம் வந்தா கந்தசஷ்டிக் கவசத்தோட அந்த மேய்ப்பரும் வாயில வர்றார்.

தூத்துக்குடி நண்பருக்கு: கேட்டா சொல்லலாம்னு நீங்க சொல்றது எனக்கும் சரிதான். என் சண்டை கேக்காமலே சொல்றவங்களோட.

அக்கா, ஒண்ணு மட்டும். காசு வாங்கிருங்க. சும்மா தச்சுக் குடுத்தா அவங்க உங்களுக்குக் கடன்பட்டவங்க ஆயிருவாங்க. அப்புறம் நீங்க எதைச் சொன்னாலும் அவங்களால "வேண்டாம்மா"ன்னு சொல்ல முடியாது.

பதில் 4 – வேலூர்_நர்ஸ்

முதலில் தையல். தழும்பு நல்லா ஆறிடுச்சா, பேட் வைக்கலாமான்னு அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. தழும்பு மேல தையல் மடிப்பு உரசக் கூடாது, உள்பக்கம் மெத்துனு பழைய காட்டன் போடுங்க. அந்தப் பக்கத்துக் கை இறுக்கமா இருக்கவே கூடாது. அக்குள்ல நெறிக்கட்டிகளை எடுத்திருந்தா கை வீங்க வாய்ப்பு உண்டு, அதனால கையை அரை இஞ்சாவது தளர்த்தி விடுங்க. பஞ்சுக்கு எடை இல்லாததாலதான் மேல ஏறுது. நான் பார்த்த ஒரு அம்மா மெல்லிய துணிப்பையில கடுகு போட்டு, பஞ்சுக்கு அடியில வெச்சிருந்தாங்க. கனமும் இருக்கும், உடம்போட வளைஞ்சும் கொடுக்கும். பையைத் தனியா எடுக்கிற மாதிரி தைங்க, துவைக்கச் சுலபம்.

ரெண்டாவது, சுகமாகும்னு வாக்குக் கொடுக்காதீங்க. "ஜெபம் பண்ணியாச்சு"ன்னு மாத்திரையை நிறுத்திட்டு ஒரு வருஷம் கழிச்சு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். ஜெபிங்க, கூடவே செக்கப் தேதியையும் கேளுங்க.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதையை எங்க ஊர்ப் பிரசங்கங்கள்ல கேக்காத வருஷம் இல்லை. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேர் அவங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. மூணு பேரோட மனைவிக்கும் பிரசவக் கஷ்டம், மூணு பேரும் ஆண் டாக்டர் வேண்டாம்னு போயிட்டாங்க, விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. எல்லாரும் அவங்களோட அழைப்பைப் பத்திப் பேசுவாங்க. எனக்கு மனசுல நிக்கிறது வேற: அந்த ராத்திரி அவங்க கையில ஒண்ணும் இல்லை. போய்ப் படிச்சு, 1899இல் டாக்டராகி, 1900இல் வேலூர்ல ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க. தட்டினவங்களுக்கு வேண்டியதைக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. நீங்க கத்துக்கிட்டே பதினேழு வருஷம் ஆச்சு சிஸ்டர்.

அவங்க கேட்டது ஒரு வார்த்தை ஜெபம்தானே? "இப்பவே பண்ணட்டுமா? என்னன்னு கேக்கட்டும்?"னு கேளுங்க. பதிலை அவங்க சொல்லட்டும்.

ஊசிக்காரி மறுபடியும்

சனிக்கிழமை வந்துட்டுப் போனாவ. எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

கடுகைப் பாத்ததும் "என்னம்மா, தாளிக்கப் போறியா?"ன்னு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சிரிச்ச வேகத்துல, "எங்க வேதத்துலயும் கடுகு வருதுக்கா, இத்தனூண்டு விதை முளைச்சு, குருவி வந்து அடையுற அளவுக்குப் பெருசாகும்னு இயேசு சொல்வார்"னு வந்துருச்சு. யோசிச்சுச் சொல்லல, எலிசா தம்பி நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி. "அப்படியா, குருவியா?"ன்னாவ. அளவு சரியா இருக்கான்னு ரெண்டு தோளையும் அசைச்சுப் பாத்தாவ.

அப்புறம் நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி கேட்டேன். சுகம் வேணும்னு கேப்பாவன்னு நினைச்சேன். "கல்யாணத்துல யாரும் என் நெஞ்சையே பாக்கக் கூடாது, அதைக் கேளு"ன்னாவ. அதையே கேட்டேன், இயேசுவின் நாமத்துல, மூணு வரி. அவங்க கண்ணை மூடல, காலண்டரையே பாத்துக்கிட்டு நின்னாவ. அட்டையை நான் முந்தின நாளே எடுத்து பைபிளுக்குள்ள வெச்சிருந்தேன், நல்லதாப் போச்சு. அடுத்த செக்கப் டிசம்பர்லன்னு சொன்னாவ. கூட வர ஆளில்லையாம், நான் போறேன்னு சொல்லிருக்கேன்.

கணேஷ் தம்பி, காசு வாங்கிட்டேன். முந்நூறு ரூபா சொன்னேன். "பஜார்ல இருநூத்தம்பதுதான்"னு அடிச்சுப் பேசினாவ. இருநூத்தி எழுபதுக்கு முடிஞ்சுது.

நர்ஸ் அக்காவுக்கு ஒரு கேள்வி. கடுகுப் பைக்கு ரெண்டு கொக்கி வெச்சு, கழட்டுற மாதிரிதான் தச்சிருக்கேன். ஆனா நாள்பட்டா வண்டு வராதா? வறுத்துப் போடணுமா, வெயில்ல காய வெச்சாப் போதுமா? சீக்கிரம் சொல்லுங்க, அவங்க கூட ஆஸ்பத்திரியில இருந்தவங்க ரெண்டு பேர் புதன்கிழமை வர்றாவளாம்.