பிரான்சில் குரோஷா பொம்மை விற்க நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிஸ் பக்கத்து ஊரான சார்செல் வந்து சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, குரோஷா நன்றாகப் போடுவேன். கிறிஸ்துமஸ் சந்தையில் குட்டிப் பொம்மைகள் விற்கலாமா?" தாராளமாக விற்கலாம். நானும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வந்தவள்தான், இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் நூலை எடுப்பதற்கு முன்னால் உங்கள் தங்கும் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

குடும்ப வாழ்க்கைக்கென்று கொடுக்கும் 'வீ பிரிவே எ ஃபமிலியால்' அட்டையோ, திறமை அட்டைக்காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் 'தாலான் ஃபமி' அட்டையோ இருந்தால் சொந்தத் தொழில் செய்ய உரிமை உண்டு. படிக்க வந்தவர்களின் அட்டைக்கும், சம்பள வேலைக்கென்று கொடுத்த 'சலாரியே' அட்டைக்கும் அந்த உரிமை கிடையாது. "சின்ன வியாபாரம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று இறங்காதீர்கள். அட்டையைப் புதுப்பிக்கும்போது அது பெரிய தலைவலியாக வந்து நிற்கும்.

அடுத்து, தெருவில் போடும் 'வீத் க்ரெனியே' சந்தை. காந்தி வீதி ஞாயிறு சந்தையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கேயே ஒரு மேசை போடத் தோன்றும். ஆனால் பதிவு இல்லாத தனிநபர் அங்கே தன் வீட்டுப் பழைய சாமான்களை மட்டும்தான் விற்கலாம், அதுவும் வருஷத்துக்கு இரண்டு முறைதான். புதிதாகப் பின்னிய பொம்மை அந்தக் கணக்கில் வராது.

அதனால் 'மிக்ரோ ஆன்ட்ரப்ரனர்', அதாவது சிறு சுயதொழில் செய்பவர் ஆகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் இலவசம்தான், பணம் கேட்டு வரும் கடிதங்களை நம்பாதீர்கள். விற்ற பணத்தில் 12.3 சதவீதம் சமூகப் பாதுகாப்புச் சந்தா வசூலிக்கும் அமைப்பான உர்சாஃபுக்குப் போகும், சில்லறைப் பிடித்தங்களும் உண்டு. ஒன்றும் விற்காத மாதத்திலும் பூஜ்யம் என்று கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். உங்கள் ஊராட்சி எல்லையைத் தாண்டி வேறு ஊர்ச் சந்தைக்குப் போவதென்றால் நடமாடும் வியாபாரிகளுக்கான அட்டையும் வேண்டும். 30 யூரோ, 4 வருஷத்துக்குச் செல்லும்.

இனி பொம்மைக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்பு விதி தொழிற்சாலைக்கு மட்டுமானதல்ல. கையால் ஒரே ஒரு பொம்மை செய்து விற்றாலும், ஐரோப்பிய விதிப்படி செய்தது என்று காட்டும் சிஇ (CE) முத்திரை வேண்டும். "அலங்காரப் பொருள்" என்று சீட்டு ஒட்டினால் தப்பித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். குழந்தை கையில் எடுத்து விளையாடத் தோன்றும் பொருள் என்றால் அது பொம்மைதான். "3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல" என்ற எச்சரிக்கையும் உதவாது. கட்டிப்பிடிக்கிற மெத்தென்ற பொம்மை கைக்குழந்தைக்கும் உரியது என்றே விதி எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. வாங்கிப்போன பொம்மையைக் குழந்தை முதலில் வாயில்தானே வைக்கும்!

சோதனையை ஆய்வகத்தில்தான் செய்யவேண்டும் என்றில்லை. பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 71-ஐ (EN 71) முழுவதும் பின்பற்றினால் நாமே சோதித்து, பொம்மை விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதிமொழி எழுதலாம். அதன் முதல் பகுதி இழுவைக்கும் வலுவுக்கும், இரண்டாம் பகுதி தீப்பிடிப்பதற்கு, மூன்றாம் பகுதி சாயத்திலிருந்து கசியும் ரசாயனங்களுக்கு. காது, தும்பிக்கை, வால் எதுவும் 90 நியூட்டன், அதாவது சுமார் 9.2 கிலோ இழுவைக்குப் பிய்ந்து வரக்கூடாது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசை எடுங்கள். காதில் மாட்டி மெதுவாக 9.2 கிலோ வரை இழுத்து, பத்து விநாடி பிடியுங்கள். அசையாமல் நின்றால் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். சோதித்த பொம்மையை விற்காதீர்கள். பொருட்களின் பட்டியல், ஆபத்துக் கணிப்பு, சோதனை விவரம், உறுதிமொழி எல்லாம் சேர்ந்த அந்தக் கோப்பை 10 வருஷம் வைத்திருக்கவேண்டும்.

நூல் விஷயத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நேரு வீதி நூலும் வீட்டு இலவம் பஞ்சும் சொல்லியனுப்ப ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குச் சான்றிதழ் கிடைக்காது. இஎன் 71-3 சான்று தரும் கம்பெனி நூலும் பஞ்சும் இங்கேயே வாங்குங்கள். ஊர் நூலில் உங்கள் பிள்ளைக்குச் சட்டை போடுங்கள்.

பின்னல் நெருக்கமாக இருக்கவேண்டும். மெல்லிய பருத்தி நூலுக்கு 2.5 மி.மீ. ஊசி, பஞ்சு அடைத்து விரலால் இழுத்துப் பார்த்தால் வெள்ளை எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஊசியை இன்னும் ஒரு அளவு குறையுங்கள். பிளாஸ்டிக் கண் வேண்டாம். கறுப்பு நூலால் தைத்த கண்தான் பாதுகாப்பு, முகமும் அப்போதுதான் உயிரோடு இருக்கும்.

என்ன பொம்மை போடலாம்? கார்ட்டூன் உருவங்களைத் தொடாதீர்கள், அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. அடுத்தவர் எழுதிய பேட்டர்ன் என்றால், செய்து விற்க அனுமதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நான் அதிகம் போடுவது யானை. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியை நினைத்துத்தான். 2022 நவம்பர் 30 அன்று அவள் இறந்துபோனபோது இங்கே இருந்த எங்களுக்கும் வீட்டில் ஒருவரை இழந்த மாதிரிதான் இருந்தது. அவள் காலில் கொலுசு போட்டிருப்பாள். என் யானைக்கும் கொலுசு உண்டு, மணி கோக்காமல் சாம்பல் வெள்ளை நூலில் சங்கிலித் தையலாகப் போடுவேன். வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கதை கேட்பார்கள்.

விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நாலைந்து மணி நேர உழைப்பு, நூல், மேசை வாடகை, உர்சாஃப் எல்லாம் போட்டால் ஒரு சாண் பொம்மையை 20 யூரோவுக்குக் கீழே கொடுக்க முடியாது. விலையை எழுதி வைப்பது இங்கே சட்டம். எழுதிய விலைதான் விலை, பேரம் பேசுவது குறைவு. யார் வந்தாலும் முதலில் 'பொன்ஜூர்' சொல்லுங்கள், அப்புறம்தான் மற்றது.

டிசம்பர் சந்தைக்கு ஆடி மாதத்திலேயே மேரியில் (ஊர் நகராட்சி அலுவலகத்தில்) விசாரியுங்கள், பல ஊர்களில் கோடை விடுமுறை முடிவதற்குள் இடம் நிரம்பிவிடும். தொழில் காப்பீடு இருக்கிறதா என்று நிறைய இடங்களில் கேட்பார்கள். தேவாலயம், பள்ளி, சங்கங்கள் நடத்தும் சின்னச் சந்தைகளில் மேசை வாடகை குறைவு, அங்கே தொடங்குங்கள்.

தங்கை, உங்கள் அட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது, சொல்லுங்கள். பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன போடவேண்டும் என்று எழுதுகிறேன்.