புதுப்பிப்பு: கப்பலில் கடல்நாள், தலைசுற்று இல்லாமல்

திருகோணமலைக்கு வந்துபோகும் சொகுசுக் கப்பல்களில் கேபின் எடுப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் கனபேர் கேட்டது ஒன்றுதான்: தலைசுற்று வராதா?

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக்குடாவைத் தாண்டும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. வெளிக்கடலில்தான் ஆட்டம். பக்கவாட்டு ஆட்டத்தை, நீருக்கடியில் இருபுறமும் நீளும் ஸ்டெபிலைசர் தகடுகள் நன்றாகக் குறைக்கும். ஆனால் அணியமும் (கப்பலின் முன்பக்கம்) பின்பக்கமும் மாறிமாறி ஏறி இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. அதனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேபின் எடுங்கள். மேல்தட்டு பால்கனி அழகுதான். கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தலைசுற்று வராமல் எடுக்கும் சினரிசின் 15 மி.கி. குளிசை: பெரியவர்களுக்குப் பயணத்துக்கு 2 மணித்தியாலம் முன் இரண்டு, பிறகு தேவைப்பட்டால் 8 மணித்தியாலத்துக்கு ஒன்று. சத்தி தொடங்கியபிறகு விழுங்கினால் வயிற்றில் தங்காது. நித்திரை தூக்கும், மதுவோடு வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேளுங்கள். வெறும் வயிற்றோடும் இருக்காதீர்கள்.

வடக்கே காங்கேசன்துறைப் பக்கம் திரும்பும் கப்பலென்றால் இடப்பக்கத் தட்டில் நில்லுங்கள்; சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் அந்தப் பக்கம்தான். கரைச் சிக்னல் அறுந்ததும் போனை பிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாகத் தொற்றி, ரோமிங் பில் ஏறிவிடும்.