கந்தகத்துக்குப் பக்கத்து எதிரயனி: இன்னும் டி ஆர்பிட்டால்தானா?

வளையம்6: 1,3-டைதயேன் என்பது நான்கு கார்பனும் இரண்டு கந்தகமும் சேர்ந்த ஆறணு வளையம். அதில் இரண்டு கந்தகத்துக்கு நடுவே இருக்கும் கார்பனிலிருந்து பியூட்டைல் லித்தியம் என்ற வலுவான காரம் புரோட்டானைப் பிடுங்கிவிடுகிறது; மிஞ்சுவது எதிர்மின்சுமை கொண்ட எதிரயனி. வேதியியலாளர்கள் கோரியும் சீபாக்கும் 1965-இல் இதை வைத்துத்தான், வழக்கமாக எலக்ட்ரானை வாங்கும் கார்போனைல் (C=O) கார்பனைக் கொடுப்பதாக மாற்றி, அதன் குணத்தையே புரட்டிப்போட்டார்கள். கந்தகம் இருக்கும் இடத்தில் ஆக்சிஜனை வைத்தால் கதை நடக்காது. காரணம் கேட்டால் "கந்தகத்தின் காலி 3டி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் தங்கக்கூடிய இடம்) மின்சுமையை வாங்கிக்கொள்கிறது" என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

பழையபாடம்: ஏன் ஒப்பவில்லை? கந்தகத்துக்கு 3டி உண்டு, ஆக்சிஜனுக்கு 2டி என்று ஒன்று கிடையவே கிடையாது. கணினிக் கணக்கில்கூட டி ஆர்பிட்டாலுக்கான கணிதச் சார்புகளைச் சேர்க்காவிட்டால் கந்தகத்தின் பிணைப்பு நீளம் சரியாக வருவதில்லையே!

வளையம்6: டி சார்பைச் சேர்ப்பது வேறு, அதில் எலக்ட்ரான் குடியேறுவது வேறு. கார்பனுக்கும்தான் சேர்க்கிறோம், கார்பன் டி-யில் பிணைகிறது என்பீர்களா? 1970-களின் நடுவிலேயே டி இல்லாமல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஆக்சிஜனைவிடக் கந்தகம்தான் நன்றாகத் தாங்கியது.

மென்காரம்: சரி, டி வேண்டாம். கந்தகம் பெரிய அணு, அதன் எலக்ட்ரான் முகில் எளிதில் நெளியும். அது போதாதா?

வளையம்6: பாதிதான் போதும். நெளிவுக்குத் திசை கிடையாது, இந்த எதிரயனிக்கு உண்டு. வேதியியலாளர் எலியலின் குழு செய்ததைப் பாருங்கள். டைதயேன் வளையத்தின் 4, 6 இடங்களில் மெத்தில் போட்டு வளையம் புரளாமல் பூட்டினார்கள். 2-இல் (கந்தகங்களுக்கு நடுவே உள்ள கார்பனில்) இருந்த மெத்தில் ஈக்வடோரியல், அதாவது வளையத்தின் பக்கவாட்டில் நீளும் வசதியான இடம். புரோட்டானை எடுத்துத் திருப்பிக் கொடுத்ததும் புரோட்டான் ஈக்வடோரியலில் உட்கார்ந்தது, மெத்தில் வளையத்துக்குச் செங்குத்தாக நிற்கும் நெருக்கடியான ஆக்சியலுக்குத் தள்ளப்பட்டது! எதிரயனியின் ஈக்வடோரியல் எலக்ட்ரான் இணை, வளையத்தின் கந்தக–கார்பன் பிணைப்புக்கு நேர் எதிரே நிற்கிறது. அந்தப் பிணைப்பின் காலியான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில், அதாவது சிக்மா ஸ்டாரில், கொஞ்சம் கசிகிறது.

பழையபாடம்: லித்தியம் பிடித்து உட்கார வைத்திருக்கலாமே.

வளையம்6: லித்தியமே இல்லாத வெறும் எதிரயனியைக் கணக்கிட்டாலும் அதே ஈக்வடோரியல்தான்.

பழையபாடம்: அப்புறம் சல்ஃபோன், அதாவது கந்தகத்தில் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த சேர்மம்? டைமெத்தில் சல்ஃபோனின் பிகேஏ (குறைந்தால் புரோட்டான் எளிதில் போகும்) டிஎம்எஸ்ஓ கரைப்பானில் சுமார் 31. ஆக்சிஜன் சேராத சாதாரண சல்ஃபைடு அதற்குப் பக்கத்திலேயே வராது. இதுவும் உங்கள் கசிவா?

வளையம்6: நல்ல கேள்வி. அங்கே கந்தகத்தின் மேல் நேர்மின்சுமை அதிகம், அதன் ஈர்ப்புதான் முதல் காரணம். சிக்மா ஸ்டார் கூட இருந்து உதவுகிறது, அவ்வளவுதான். டி-க்கு அங்கேயும் இடம் தர மாட்டேன்.