மறு: 'புதைபடிவ எலும்பு' போதுமா, 'கல்லெலும்பு' வேண்டுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> எண்ணூர்க் கரையில் கிடைத்த கறுப்புத் துண்டைப் 'புதைபடிவ எலும்பு' என்றே குறிக்கலாமே ஐயா? பாடநூலில் உள்ள சொல்தானே?

பாடநூல் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை, தம்பி. ஆனால் புதைபடிவம் பொதுச்சொல். இலைத்தடம், சிப்பி, காலடித்தடம் எல்லாம் அதற்குள் அடங்கும். துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமம் எலும்பின் நுண்துளைகளில் படிந்து நிரம்பினால் துண்டு கனக்கும். இதைத்தான் 'கல்லெலும்பு' என்கிறேன். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அடிமரத்தைக் கல்மரம் என்றுதானே சொல்கிறோம்? விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கிடக்கும் கல்லான மரங்களுக்கும் அதே பேச்சு. சொல் புழக்கத்தில் இருக்கிறது, நாம் எலும்புக்கு நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

> எலும்பின் சொந்தக் கனிமம் பெரும்பாலும் அப்படியே இருக்க, இடைவெளியில்தானே வேறு கனிமம் ஏறுகிறது? அது எப்படிக் கல்லாகும்?

காசிமேட்டு அம்மா கேட்டது நியாயம். கல்மரத்திலும் செல்லறைகளுக்குள் சிலிக்கா என்ற கனிமம் ஏறித்தான் அந்த இறுக்கம் வருகிறது. ஆகவே செயலுக்குக் 'கனிமமேற்றம்', பொருளுக்குக் 'கல்லெலும்பு' என்று பிரித்துக்கொள்ளலாம். கனிமமேறாமலே பல்லாயிரம் ஆண்டு கிடந்த எலும்பும் புதைபடிவம்தான். அது கல்லெலும்பு ஆகாது. பொதுச்சொல் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் கரைக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். இங்கே ஒதுங்குவதில் பெரும்பகுதி கல்லெலும்பே அல்ல. கொசஸ்தலை முகத்துவாரச் சேற்றில் புதைந்த மாட்டெலும்பு சீக்கிரமே கறுத்துப்போகும். நிறத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. செத்து ஒதுங்கும் பங்குனி ஆமையின் ஓட்டுத் தகடு பலரையும் ஏமாற்றும். இரும்பு உருக்கும்போது கழியும் கிட்டமும் கிடக்கும். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கருங்கல் வேறு, உடைந்து உருண்டு முழங்கால் மூட்டு மாதிரியே வந்து நிற்கும்!

உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். எலும்பானால் வெளியே கெட்டி அடுக்கு, உள்ளே மெல்லிய கம்பிகள் பின்னிய வலை. கிட்டத்தின் துளைகள் காற்றுக்குமிழிகள். சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கே இருக்காது. எலும்புதான் என்று தெரிந்த பிறகு, சிறு சில்லில் பழுக்கக் காய்ச்சிய ஊசியை வையுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் புரதம் இன்னும் மிச்சம், கல்லெலும்பு அல்ல. நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வோரும் உண்டு. உலர்ந்த பழைய எலும்பும்கூட ஒட்டும், அதனால் அது பெரிய சான்று இல்லை. எண்ணூர்க் கரையில் பொறுக்கியதை நாக்கில் வைக்கவே வேண்டாம்.

பழையது, ஆனால் கனிமம் முழுதாக ஏறாதது என்ற இடைநிலைக்குப் 'பழவெலும்பு' என்று முன்வைக்கிறேன்.

> பழத்துக்கு ஏது எலும்பு என்று பிள்ளைகள் சிரிப்பார்களே! 'தொல்லெலும்பு' ஆகாதா?

சிரிக்கட்டும், நினைவிலாவது நிற்கும். பழங்கஞ்சியை யாரும் பழத்தில் காய்ச்சியதாக நினைப்பதில்லை. 'தொல்' என்றால் தொல்லியல் அகழாய்வில் கிடைத்ததோ என்ற மயக்கம் வரும். வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்வோம்.

அப்புறம் தம்பி, அந்தத் துண்டின் உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து