இரண்டாம் பாதியில் கச்சான் காற்று: அடுத்த மே மாதத்துக்கு எங்கள் அணி

கடந்த மே மாதம் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் தோற்றோம். இடைவேளையில் 2-0 என்று முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிந்தபோது 2-3. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான், கோல் எண்ணிக்கை மட்டும் வேறு. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. முழங்கால் கெட்டுப்போகும் வரை நான் இடது பேக் ஆடினேன். இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அணியின் பந்து, ஜெர்சி, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த சீசனாவது வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மைதானத்தைத் தெரிந்துகொண்டால்தான் தோல்வி புரியும். எங்கள் பக்கத்து ஆடுகளங்கள் எல்லாம் கடலோர மணல்தான். கிழக்கும் மேற்குமாக கோல் போஸ்ட் நிற்கும். ஓரத்தில் பனையும் உடைமரமும். உடைமர முள் பந்துக்கு எமன், ஒரு போட்டிக்குள் இரண்டு பந்தாவது போய்விடும். மே மாதம் பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பிவிடும். மேற்கே முதுகைக் காட்டி ஆடுகிற அணிக்கு அது பன்னிரண்டாவது ஆள். எங்கள் பையன்கள் டாஸ் ஜெயித்தால் உடனே காற்றைக் கேட்பார்கள். பின்னாலிருந்து ஓங்கி ஒரு அடி, பந்து மிதந்து போகும், முன்னால் நிற்பவன் ஓடுவான். இரண்டு கோல் விழும். அப்புறம் பக்கம் மாறியதும் அதே அடி நடு மைதானத்தோடு திரும்பி வரும். வேறு ஆட்டம் எங்களுக்குத் தெரியாது. இருபது நிமிடம் அப்படியே திகைத்து நிற்போம், அதற்குள் எதிரணி வேலையை முடித்துவிடும்.

அரையிறுதி முடிந்த அன்று சாயங்காலம் வலைக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு கோலியாக நின்ற பெரியவர் ஒருவர் அங்கே வலை கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஆட்டத்தை முழுக்கப் பார்த்திருக்கிறார். வெகுநேரம் பேசவே இல்லை. கடைசியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, காத்து கூடுனா பாய் வச்சு ஓடுறவன் என்னடா பண்ணுவான்? பாயச் சுருக்குவான்ல? நீங்க மட்டும் ஏன்டா பந்த மேல தூக்கித் தூக்கி விடுறீங்க?”

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தோல்வியால் இல்லை. அவர் சொன்னதை நான் எங்கேயோ கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. விடியும் முன் ஞாபகம் வந்துவிட்டது. 2018 மார்ச் 13, சென்னை நேரு ஸ்டேடியம்.

அப்போது ரயில் பழைய பாம்பன் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த காலம். திங்கள் இரவு சேது எக்ஸ்பிரஸில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். மறுநாள் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், சென்னையின் எஃப்சி - கோவா. கோவாவில் 1-1 என்று முடிந்திருந்தது. மைதானத்துக்குச் சீக்கிரமே போய்விட்டதால் வீரர்கள் உடம்பைச் சூடேற்றுவதைப் பார்க்க முடிந்தது. ஒரு சின்ன வட்டம், நடுவில் இரண்டு பேர் பந்தைப் பறிக்க ஓடுகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் ஒரே தொடுதலில் பந்தைத் தள்ளிவிடுகிறார்கள். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பவே இல்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. ஆட்டத்தில் சென்னைக்காக ஜெஜே இரண்டு கோல், வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் ஒரு கோல். 3-0. தன்பால் கோல் அடித்தபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்தேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் அந்த மேடையில் கோல் அடிப்பதை நேரில் பார்ப்பது என்பது சொல்லி மாளாது.

நாலு நாள் கழித்து, 17ஆம் தேதி, பெங்களூரில், பெங்களூரு எஃப்சியோடு இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். எங்கள் கொட்டகையில் பேச்சே நின்றுவிட்டது. அப்புறம் நம் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து தலையால் முட்டி ஒன்று, இடைவேளைக்கு முன் அதே மாதிரி இன்னொன்று. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ. 3-2 வெற்றி. ஆனால் அன்று சனிக்கிழமை. விசைப்படகுக்காரர்கள் கடலில் இருந்தார்கள். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு ஞாயிறு காலையில் கரைக்கு வந்த பிறகுதான் செய்தியே தெரியும். படகில் இருந்து இறங்கும்போதே கையால் “என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். நான் மூன்று விரலைக் காட்டினேன்.

இந்தச் சனிக்கிழமைக் கதையில்தான் எங்கள் அணியின் உண்மையான நோய் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். இந்தக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று கடலைப் பங்கு வைத்திருக்கிறோம். விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலையில் திரும்பும். நாட்டுப்படகுக்கு மற்ற நாள்கள். வலை அறுந்து சண்டை வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் முதல் பதினொன்றில் ஆறு பேர் விசைப்படகு, நாலு பேர் நாட்டுப்படகு, ஒருவன் கல்லூரி. ஒருத்தன் கரையில் நிற்கும்போது இன்னொருத்தன் கடலில். எங்கள் வலது பேக் ஒருநாள் ஐஸ் எடுக்க வந்தபோது சொன்னான்: “அண்ணே, நானும் அவனும் ஒரே டீமு. ஆனா ஒரு வாரம் முழுக்க மூஞ்சியக்கூடப் பாக்குறதில்ல. பந்த யாருக்குக் குடுக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. போட்டிகள் மே மாதத்தில் நடப்பதே அதனால்தான். ஆனால் அந்த நாள்களில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். கையில் காசில்லாதவன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விடுவான். எங்கள் ஸ்டிரைக்கர் போன வருஷம் அப்படிப் போய், காலிறுதிக்கு முந்தைய நாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆக, எனக்கு இருக்கும் ஆசை ஒன்றுதான். பதினொரு பேரும் வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து ஆட வேண்டும். அதற்கு ஞாயிறு சாயங்காலம் இருக்கிறது. எங்கள் ஊரில் அன்று பூசை நாள், கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை போன விசைப்படகும் காலையிலேயே வந்துவிடும், தூங்கி எழ நேரம் இருக்கிறது. இப்போதே தொடங்கினால், போட்டிக்கு முன் முப்பது ஞாயிறாவது கிடைக்கும். காற்றுக்கு எதிரே நின்று, அந்தச் சின்ன வட்டத்தில், முழங்காலுக்குக் கீழே பந்து. டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றை எதிரணிக்கே விட்டுவிடலாம் என்றும் நினைக்கிறேன். கால் களைத்த நேரத்தில் கச்சான் நம் முதுகில் இருக்கட்டும். இதற்கு பையன்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.

உங்கள் ஊர்களில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து, இப்போது துபாயில்:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), அந்த அரையிறுதியை நான் இங்கே ரூமில் போனில் பார்த்தேன். யாரோ ஒரு பையன் கரையில் நின்று நேரலை போட்டிருந்தான். காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. ரூமில் எட்டுப் பேர், எல்லாரும் நம் கடற்கரைக்காரர்கள்.

எங்கள் ஊர் அணிக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து பணம் அனுப்புவோம். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பணத்தில் வெளியூரில் இருந்து நாலு கெஸ்ட் பிளேயரைக் கூட்டி வந்தார்கள். கோப்பை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லீவில் ஊருக்கு வந்தபோது பார்த்தேன், பரிசு வாங்கிய போட்டோவில் எங்கள் தெருப் பையன்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். என் தம்பி அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. அடுத்த வருஷம் கெஸ்ட் வரவில்லை, அணியும் இல்லை. அதிலிருந்து நான் ஆளுக்குக் காசு தருவதில்லை, பொருளாக வாங்கி அனுப்புகிறேன். போன முறை கோலி கையுறை நாலு ஜோடி, பம்பு, பந்து ஆறு.

உங்கள் பையன்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 2015இல் நம் சென்னை அணி பாதி சீசன் தாண்டிய பிறகும் கடைசி இடத்தில் கிடந்தது. வெள்ளத்தால் அரையிறுதியைக்கூட சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேயில் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் 89ஆம் நிமிடம் வரை கோவா 2-1. அப்புறம் கோவா கோலி கையாலேயே பந்து உள்ளே போனது, அடுத்து மெண்டோசா. 3-2. அன்று நான் ஊரில் இருந்தேன். தெருவே கத்தியது.

தொண்டிப் பக்கத்திலிருந்து, பி.டி. டீச்சர்:

அண்ணன் எழுதியதைப் படித்தேன். ஞாயிறு பயிற்சி நல்ல யோசனை. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரனுக்குத் தரையில் பந்து ஆடப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். காலுக்குப் பழக்கம் வந்துவிடும், விடாது. நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அதனால் தெரியும்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் பதினாறு பேர் ஆடுகிறார்கள். பள்ளி மைதானத்தில் கருவை முள், அதனால் தண்ணீர் வற்றிய நேரத்தில் கடற்கரையில் ஆடுவோம். பாக் நீரிணைப் பக்கம் கரை ஆழமில்லாதது, வற்றினால் நல்ல இறுகிய தரை கிடைக்கும். ஈர மண்ணில் பந்து எழும்பாது. அதனாலேயே எங்கள் பிள்ளைகளுக்கு உயர்த்தி அடிக்கும் பழக்கம் வரவில்லை. நான் திட்டம் போட்டுச் செய்தது இல்லை, கடல் செய்து கொடுத்தது.

ஒரு பிள்ளையின் அப்பா நிறுத்தச் சொல்லி வந்தார். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர் என்றார். அவரிடம் மதுரை சேது எஃப்சி பற்றிச் சொன்னேன். 2019இல் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற அணி, இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்தது. போனில் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “மதுரையா?” என்று மட்டும் கேட்டார். பிள்ளை மறுநாள் வந்துவிட்டாள்.

பையன்களுக்குச் சொல்லவும் ஆள் இருக்கிறார். அடுத்த மாவட்டம், கண்டனூர், சிவசக்தி நாராயணன். 2022 டூராண்ட் கோப்பை இறுதியில் பெங்களூருக்காக மும்பைக்கு எதிராக முதல் கோல் அவருடையது. உங்கள் ஊரில் பதினான்கு வயதுக்குள் அணி இருக்கிறதா அண்ணா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

மறுபடி நான், பாம்பன் பக்கத்திலிருந்து:

டீச்சர், இல்லை. அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் ஊரில் சின்னப் பையன்கள் பெரியவர்கள் ஆட்டம் முடிந்த பிறகு இருட்டுகிற வரை பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். முள் குத்திய பந்தை நான்தான் அவர்களுக்குக் கொடுப்பேன். அதைத் தவிர நாங்கள் எதுவும் செய்ததில்லை. போன ஞாயிறு அவர்களையும் வரச் சொன்னேன். நீங்கள் சொன்னபடி பாக் நீரிணைப் பக்கம் கூட்டிப் போனேன். எங்கள் தீவில் அதை வடகடல் என்போம், தென்கடலைப் போல அலை இருக்காது. ஈரத் தரை இருந்தது, சின்ன வட்டம் போட்டோம்.

துபாய்த் தம்பி, பந்து அனுப்புவதாக இருந்தால் இரண்டு சின்ன சைஸ் சேர்த்து அனுப்பு.

பெரியவர்களில் ஒன்பது பேர் வந்தார்கள். ஸ்டிரைக்கர் வரவில்லை, அக்கா வீட்டு விசேஷம். ஒரு நாட்டுப்படகுப் பையனுக்கு எஞ்சின் வேலை. சிறியவர்கள் பதினான்கு பேர். பெரியவர்களையும் சிறியவர்களையும் கலந்து வட்டத்தில் நிறுத்தினோம். முதல் அரைமணி நேரம் எங்கள் பேக் இரண்டு பேரும் பழக்கத்தில் தூக்கித் தூக்கி அடித்தார்கள், பந்து தண்ணீருக்குள் போனது, சிறுவர்கள் இறங்கி எடுத்து வந்தார்கள். அப்புறம் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் எங்கள் வலது பேக்கிடம், “அண்ணே, கீழ குடுண்ணே” என்றான். அவனும் கீழே கொடுத்தான். வலை கட்டும் பெரியவர் கவிழ்த்து வைத்த ஒரு வத்தையின் (சின்னப் படகு) மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இருட்டுகிற வரை எழுந்து போகவும் இல்லை.

வருகிற ஞாயிறு நாலரை மணிக்கு மறுபடி. பதினொரு பேரையும் வரவைக்க ஐஸ் எடுக்க வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.