ஏப்: 'காவடி' தெரியாத சொல் என்கிறது, பொருளும் மாறி வருகிறது

கேள்வி (ரோஸ்-ஹில்):
வணக்கம். அட்டெம்ப்டோ ஆங்கில (விதிகளால் கட்டுப்படுத்திய ஆங்கிலம்) வாக்கியங்களைத் தர்க்க வடிவாக்கும் ஏப் கருவியை உபுண்டுவில், ஸ்வி-ப்ரோலாக் (ப்ரோலாக் நிரல்மொழியை ஓட்டும் மென்பொருள்) வைத்து நிறுவியிருக்கிறேன். பெரிய சி-லெக்ஸ் அகராதியும் உண்டு. கொடுத்த வாக்கியம்:

எவ்ரி டிவோட்டி கேரீஸ் எ கவடீ.

கடைசிச் சொல் நம் மொரீஷியஸ் விடுமுறைப் பட்டியலில் இருக்கும் எழுத்துக்கூட்டல்தான், முடிவில் இரண்டு 'ஈ'. தெரியாத சொல் என்று பிழை வருகிறது. தெரியாத சொல்லை ஊகிக்கச் சொல்லும் -கெஸ் சேர்த்தால் ஓடுகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: எல்லாரும் சுமப்பது ஒரே காவடி என்று பொருள் வர வேண்டும். எப்படி?

பதில்:
-கெஸ் வேண்டாம். எழுத்துப் பிழையையும் அது புதுச் சொல்லாக ஏற்றுக்கொள்ளும். பிறகு இரண்டு வாக்கியங்களின் காவடிகள் ஒட்டாது. ஒரே ஒரு முறைக்கு என்றால் சொல்லுக்கு முன் 'என்:' (பெயர்ச்சொல் என்ற குறி) போட்டால் போதும். தொடர்ந்து வேண்டுமானால் சொந்த அகராதிக் கோப்பில் இவற்றை (முதல் வரி ஒருமை, அடுத்தது பன்மை) எழுதி, -யூலெக்ஸ்ஃபைல் வழியாகக் கொடுங்கள்:

நவுன்_எஸ்ஜி(கவடீ, கவடீ, நியூட்ர்).
நவுன்_பிஎல்(கவடீஸ், கவடீ, நியூட்ர்).

முதலில் வாக்கியத்தில் வரும் உருவம், இரண்டாவது வெளியீட்டில் வரும் பெயர். பன்மைக்கும் இரண்டாவது அதேதான். மாற்றினால் ஒருமையும் பன்மையும் வெவ்வேறு பொருளாகிவிடும்.

வெளியீட்டுக்கு -சோலோ டிஆர்எஸ்பிபி (தர்க்க வடிவை மட்டும் படிக்க எளிதாகத் தருவது) கொடுங்கள். அது இல்லாவிட்டால் எல்லாம் எக்ஸ்எம்எல் பொதியாக வரும், கண் வலிக்கும். வர வேண்டியது, முடிவில் வரும் இட எண்களை விட்டு:

[]
  [ஏ]
  ஆப்ஜெக்ட்(ஏ, டிவோட்டி, கவுண்டபிள், என்ஏ, ஈக்யூ, 1)
  =>
  [பி, சி]
  ஆப்ஜெக்ட்(பி, கவடீ, கவுண்டபிள், என்ஏ, ஈக்யூ, 1)
  ப்ரெடிகேட்(சி, கேரி, ஏ, பி)

காவடியைக் குறிக்கும் 'பி' அம்புக்குறிக்குக் கீழே நிற்பதைப் பாருங்கள்: ஒவ்வொரு பக்தருக்கும் ஒரு காவடி. இது ஏப்பின் தவறல்ல. இந்த ஆங்கிலத்தில் சொல் வரிசையே எது எதை ஆளும் என்று தீர்மானிக்கும். பல பொருள் தந்து உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. காவடியை முன்னால் கொண்டுவாருங்கள்:

தேர் இஸ் எ கவடீ தட் எவ்ரி டிவோட்டி கேரீஸ்.

இப்போது காவடி வெளிப்பெட்டிக்கு (மேலே காலியாக இருந்த முதல் []) வந்துவிடும், எல்லாருக்கும் ஒரே காவடி.

கேள்வி:
வந்துவிட்டது, நன்றி ஐயா. ஊர்ப்பெயரும் வேண்டும் என்று பிஎன்_எஸ்ஜி(ரோஸ்-ஹில், ரோஸ்-ஹில், நியூட்ர்). என்று சேர்த்தேன். ஏற்கவில்லை.

பதில்:
பெரிய எழுத்தில் தொடங்கினால் ப்ரோலாக் அதை 'மாறி' (மதிப்பு பிறகு நிரப்பப்படும் குறி) என்று எடுக்கும், நடுக்கோட்டைக் கழித்தல் என்று படிக்கும். இரண்டு இடத்திலும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள்:

பிஎன்_எஸ்ஜி('ரோஸ்-ஹில்', 'ரோஸ்-ஹில்', நியூட்ர்).

மேற்கோள் நேரானதாக இருக்க வேண்டும். பிரெஞ்சு அமைப்பில் உள்ள வேர்டில் எழுதி ஒட்டினால் வளைந்த குறி வந்து பிழை மாறாமல் நிற்கும், நானோ என்ற எளிய உரைத் திருத்தியிலேயே தட்டுங்கள்.